காதுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வால்வின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஒரு சுகமில்லாத பிள்ளை இருந்தால், அல்லது அப்படியொரு பிள்ளையைச் சொந்தத்தில் கண்டிருந்தால், கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

பேராதனைப் பக்கம் சிறுவர் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள் சில பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். காதுக்குக் கொஞ்சம் பின்னால், முடிக்குள், தோலுக்குக் கீழே ஒரு சின்ன மேடு இருக்கும். அங்கிருந்து கழுத்து வழியே கயிறு மாதிரி ஒன்று கீழே இறங்குவது தெரியும். "தலையில தண்ணி சேர்ந்த புள்ள" என்று ஊரில் சொல்வார்கள். வைத்தியர்கள் ஹைட்ரோசெபலஸ் என்பார்கள். அந்த மேடுதான் வால்வு. வால்வும் குழாயும் சேர்ந்ததுக்கு ஷன்ட் என்று பெயர்.

எங்கள் மகளுக்கும் அது இருக்கிறது. 2020 ஜூலையில் முதுகுத்தண்டு முழுமையாக மூடாமல் பிறந்தாள். ஸ்பைனா பிஃபிடா என்று சொன்னார்கள். முதுகை மூடும் சத்திரசிகிச்சை முதலில், சில வாரங்களில் ஷன்ட். அல்ஹம்துலில்லாஹ், இன்று காலில் பிளாஸ்டிக் தாங்கி போட்டுக்கொண்டு நடக்கிறாள், நாள் முழுக்கக் கதைக்கிறாள்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயம், எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இது எங்கிருந்து வந்தது, யார் செய்தார், ஏன் செய்தார் என்று பிள்ளையைக் கேட்கவைக்க வேண்டும் என்பது. மகளின் காதுக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் பற்றியும் அதையே கேட்டோம். அக்குறணையிலிருந்தும் மடவளையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் சில பெற்றோர் எங்களிடம் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் நோய் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். எல்லோருடைய மூளைக்குள்ளும் தெளிந்த நீர் ஒன்று சுரந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை லீற்றர். அது மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றி ஓடி, திரும்ப இரத்தத்தில் கலந்துவிடும. வருகிற பாதையோ போகிற பாதையோ அடைபட்டால் நீர் தேங்கும். குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை பெருக்கும், உச்சிக்குழி புடைக்கும், மூளை நசியும். ஸ்பைனா பிஃபிடாவோடு பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இதுவும் சேர்ந்தே வரும்.

இந்த நோயைப் பற்றி ஆயிரம் வருடங்களுக்கு முன்பே எழுதிய ஒருவர் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. ஸ்பெயினின் அந்த நகரத்தை இன்று கொர்டோபா என்கிறார்கள். முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீப்' என்ற அவருடைய நூலின் சத்திரசிகிச்சைப் பகுதியில், குழந்தைகளின் தலையில் சேரும் நீரைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். தலை நாளுக்கு நாள் பெருத்து, நிமிர்ந்து உட்காரவும் முடியாமல் போன ஒரு சிறுவனைக் கண்டதாகச் சொல்கிறார். தான் கண்ட பிள்ளைகள் எல்லோரும் இறந்தார்கள், அதனால் இதில் கத்தி வைக்காமல் விடுவதையே தான் தேர்ந்தெடுத்ததாகவும் எழுதுகிறார்.

எங்கள் வகுப்பறைகளில் அஸ்ஸஹ்ராவியின் பெயரைப் பெருமைக்காகச் சொல்வோம். சத்திரசிகிச்சைக் கருவிகளை வரைந்து காட்டியவர், ஐரோப்பாவில் பல நூற்றாண்டு படிக்கப்பட்டவர் என்று. எங்களுக்கு அவர் மீது மதிப்புக் கூடியது இந்த இடத்தில்தான். அவ்வளவு பெரிய கை, இது என்னால் முடியாது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இது ஏன் வருகிறது என்பதற்கு அவர் இரண்டு காரணங்கள் சொல்கிறார். பிரசவத்தில் மருத்துவிச்சி தலையை முரட்டுத்தனமாக அழுத்துவது ஒன்று. மற்றது, தெரியாத ஒரு மறைவான காரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலாவது காரணம் அல்ல என்று இன்று தெரியும். ஆனால் தாய் என்ன பாவம் செய்தாள் என்று அவர் கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அவருக்குப் பிறகும் 900 வருடங்களுக்கு மேல் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், அது திரும்பச் சேர்ந்தது. தலையை இறுக்கிக் கட்டியும் பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் குழாய் வைத்து நீரை வேறு இடத்துக்கு வடித்துவிடும் யோசனை வந்தது. அமெரிக்காவில் பிராங்க் நல்சன், யூஜின் ஸ்பிட்ஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் 1949இல் மூளையிலிருந்து கழுத்து நாளத்துக்குக் குழாய் வைத்து, நடுவில் சின்னக் குண்டு வைத்த வால்வு ஒன்றையும் பொருத்தினார்கள். பாதை சரி. கஷ்டம் வால்வில்தான் இருந்தது. நீர் கீழே போக வேண்டும், இரத்தம் மேலே வரக்கூடாது. கொஞ்சம் இரத்தம் பின்னால் வந்தாலும் உறைந்து அடைத்துவிடும். நம்பி வைக்கக்கூடிய வால்வு ஒன்று கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு வாப்பா வருகிறார்.

ஜோன் ஹோல்டர் என்பவர் பிலடெல்பியாவில், 'யேல் அண்ட் டவுன்' என்ற பூட்டுக் கம்பனியில் கருவிகள் செய்யும் தொழிலாளி. வைத்தியம் படித்தவர் இல்லை. 1955 நவம்பரில் அவருடைய மகன் கேசி பிறந்தான். எங்கள் மகளுக்கு இருந்த அதே முதுகு, அதே தலை. குழந்தை ஸ்பிட்ஸின் வைத்தியத்தில் பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையில் இருந்தது. பிள்ளைக்கு என்ன நடக்கிறது, ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்று ஹோல்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். வால்வுதான் பிரச்சினை என்று அவருக்கு விளங்கப்படுத்தினார்கள்.

வாட்டில் நின்றபோது அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தாதி மருந்து ஏற்றுவதற்கு இறப்பர் குழாயில் ஊசியைக் குத்துகிறார். ஊசியை எடுத்ததும் துளை தானாகவே மூடிக்கொள்கிறது, ஒரு துளியும் கசியவில்லை. அப்படியென்றால் மெல்லிய இறப்பரில் ஒரு கீறல் போட்டால், உள்ளிருந்து அழுத்தம் கூடும்போது திறக்கும், குறையும்போது மூடும். குண்டும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம். வீட்டுக்குப் போய், தன் வேலைத்தளத்தில் அதைச் செய்யத் தொடங்கினார். சாதாரண இறப்பர் உடம்புக்குள் தாங்காது என்று தெரிந்ததும் வேறு பொருள் தேடி, சிலிக்கோனுக்கு வந்தார். சில வாரங்களில் வேலை செய்யும் மாதிரி கையில் இருந்தது.

1956இல் அந்த வால்வை முதலில் பொருத்தியது கேசிக்கு அல்ல. அந்த நேரம் அவனுக்குத் தாங்கும் நிலை இருக்கவில்லை. வேறொரு பிள்ளைக்கு வைத்தார்கள். கேசிக்குப் பிறகுதான் வைத்தார்கள். ஹோல்டர் அதன்பின் வால்வு செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார். ஸ்பிட்ஸ்-ஹோல்டர் வால்வு உலகம் முழுக்கப் போனது. கேசி ஐந்து வயதளவில் இறந்துவிட்டான்.

இந்தக் கடைசி வரியை வாசித்த அன்று நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகச் செய்த பொருள், தன் பிள்ளைக்குப் பெரிதாக உதவாமல், கண்ணால் காணாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றியது. நாங்கள் அதை ஸதகதுல் ஜாரியா என்போம். அவர் என்ன பெயர் வைத்திருப்பாரோ தெரியாது.

நான்கு வருடம் கழித்து இன்னொரு தகப்பன். ரோல்ட் டால் என்ற பெயரைப் பாடசாலை நூலகத்தில் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். 'மட்டில்டா', 'சார்லி அண்ட் த சொக்லட் ஃபக்டரி' எழுதியவர். 1960 டிசம்பர் 5ஆம் திகதி நியூயோர்க் வீதியில் அவருடைய நான்கு மாத மகன் தியோவின் தள்ளுவண்டியை டெக்ஸி ஒன்று மோதியது. இது பிறவிக் குறை அல்ல, விபத்து. ஆனால் அடிபட்ட தலையில் நீர் தேங்கி, அதே வைத்தியம், அதே குழாய். அந்தக் குழாயின் வால்வு திரும்பத் திரும்ப அடைத்தது. ஒவ்வொரு முறையும் சத்திரசிகிச்சை.

டாலுக்கு ஸ்டான்லி வேட் என்ற ஒருவரைத் தெரியும். விளையாட்டு விமானங்களின் சின்ன இயந்திரத்துக்கு எண்ணெய் அனுப்பும் குட்டிப் பம்பு செய்வதில் கெட்டிக்காரர். லண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதி சிறுவர் வைத்தியசாலையில் கென்னத் டில் என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். மூவரையும் டால் ஒன்று சேர்த்தார். 1962இல் வேட்-டால்-டில் வால்வு பாவனைக்கு வந்தது. மூவரும் அதில் இலாபம் எடுப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். வால்வு தயாரானபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை. அவன் தேறிவிட்டான். இங்கேயும் வால்வு போய்ச் சேர்ந்தது வேறு பிள்ளைகளுக்குத்தான்.

பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியதும் புதுக் கேள்வி ஒன்று பிறந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1960களில் ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்த பிள்ளைகளை உடனுக்குடன் சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். பிறகு அங்கிருந்த ஜோன் லோர்பர் என்ற வைத்தியர், 524 பிள்ளைகளின் கணக்கை எடுத்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யாமல் விடுவதே நல்லது, பிழைத்தாலும் அவர்கள் வாழ்க்கை பெரும் கஷ்டம் என்பது அவர் முடிவு. பல வைத்தியசாலைகள் அதைப் பின்பற்றின. அதே நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபர்ட் ஸக்கரி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாழ்க்கை வாழத் தகுதியற்றது என்று வெளியிலிருந்து தீர்மானிக்க முடியாது என்ற பக்கம் அவர் நின்றார்.

லோர்பரைத் திட்ட நாங்கள் வரவில்லை. அவர் எண்ணியது உண்மையான பிள்ளைகளை, உண்மையான வேதனையை. ஆனால் "இந்தப் புள்ளய வச்சி என்ன செய்யப் போறீங்க" என்று ஊரில் யாராவது மெதுவாகக் கேட்கும்போது, இதே கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன் பெரிய வைத்தியர்களும் கேட்டு, தங்களுக்குள் முரண்பட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கேட்பவர் மீது கோபம் வருவதில்லை. எங்கள் பதில் எங்கள் வீட்டுக்குள் கதைத்துக்கொண்டு திரிகிறது.

இந்த வால்வு எங்களைப் போன்ற நாடுகளுக்கு எப்படி வந்தது? மேல்நாட்டு வால்வின் விலை ஏழைக் குடும்பத்துக்கு எட்டாது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் டொக்டர் டி.கே. சாப்ரா என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் மலிவான ஒரு ஷன்டை வடிவமைத்தார். ஷாஜஹான்பூரில் அதைத் தயாரித்தார்கள். ஹோல்டரின் அதே கீறல் யோசனைதான் அதன் உள்ளேயும் இருக்கிறது. மலிவு என்றால் தரம் குறைவு என்று நினைப்போம் அல்லவா? உகண்டாவின் ம்பாலே நகரில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க வைத்தியர் அதைச் சோதித்துப் பார்த்தார். 195 பிள்ளைகள். சிலருக்கு 650 டொலர் வால்வு, சிலருக்கு 35 டொலர் சாப்ரா வால்வு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2005இல் இதை வெளியிட்டார்.

அதே வார்ஃப் இன்னொன்றையும் கண்டார். குழாய் நல்லதாக இருந்தாலும் ஒரு நாள் அடைக்கலாம். அடைத்த இரவில் தூரக் கிராமத்துத் தாய் எப்படி வைத்தியசாலைக்கு வந்து சேருவாள்? அதனால் குழாயே இல்லாமல், மூளைக்குள் கமரா வழியாக நீருக்குப் புதுப் பாதை திறக்கும் முறையை அவர் அங்கே வளர்த்தெடுத்தார். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. ஆனால் வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலான தூரம் வைத்திய முறையையே மாற்றியிருக்கிறது. மலையில் வாழும் எங்களுக்கு அந்தத் தூரத்தின் அர்த்தம் தெரியும்.

இலங்கையில் எங்களுக்கு ஒரு பெரிய நிஃமத் இருக்கிறது. 1951இலிருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. நடுவில் 1970களில் வெளிநோயாளருக்குச் சின்னத் தொகை ஒன்று அறவிட்டதைத் தவிர, அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. மூளையில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பில் கட்டாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம். பல நாடுகளில் இதை நம்பமாட்டார்கள்.

அந்தக் கதவும் ஆடிப்போன காலம் ஒன்று வந்தது. 2022 மார்ச் கடைசியில், டொலர் தட்டுப்பாட்டால் மருந்து வராமல், பேராதனை போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. அப்போது கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைக் கண்டு, உதவும்படி தன் தூதுவரிடம் சொல்லியிருப்பதாகப் பகிரங்கமாக எழுதினார். அவசர சத்திரசிகிச்சைகளை வைத்தியர்கள் விடவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயதும் எட்டு மாதமும். சாதாரணமாகப் பால் கக்கினாலும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். வீட்டில் பெற்றோலும் இல்லை, கேஸும் இல்லை. ஷன்ட் உள்ள பிள்ளையின் பெற்றோர் அந்த மாதங்களை எப்படிக் கடந்தார்கள் என்பது இந்த நாட்டின் வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்.

இனி, ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். பிள்ளை இப்படிப் பிறந்தால் எங்கள் ஊர்களில் முதல் விசாரணை தாய்க்குத்தான். என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், யாருடைய கண்ணூறு, மஃரிபுக்குப் பிறகு வெளியே நின்றாயா. எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். 2019 டிசம்பர் 26ஆம் திகதி சூரிய கிரகணம் வந்ததே, அன்று வயிற்றில் பிள்ளையோடு வெளியே போனதுதான் காரணம் என்று முடிவும் கட்டினார்கள்.

வரலாறு படித்தவர்களுக்குத் திகதி முக்கியம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். குழந்தையின் முள்ளந்தண்டாகப் போகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். ஜூலையில் பிறந்த எங்கள் மகளுக்கு அது நவம்பர் நடுப்பகுதி. கிரகணம் வந்தபோது எல்லாம் நடந்து முடிந்து ஆறு வாரம். பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று தெரிய வருவதற்கும் முன்பே அந்தக் குழாய் மூடியோ மூடாமலோ முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கை மாமியின் முன்னால் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப புள்ளட உம்மா ஒண்டும் செய்யல்லயே" என்றார். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

தடுக்க வழியே இல்லையா? ஓரளவுக்கு உண்டு. அதன் கதை 1928இல் பம்பாயில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர், அங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் இரத்தசோகையை ஆராய வந்தார். பலதையும் கொடுத்துப் பார்த்து, கடைசியில் மார்மைட் கொடுத்தபோது குணம் தெரிந்தது. ஆம், எங்கள் வீடுகளில் பாணில் பூசும் அதே மார்மைட். அதில் இருந்த சத்துத்தான் பிறகு போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. 1991இல் ஏழு நாடுகளில் 33 நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. முன்பு இப்படியொரு பிள்ளை பிறந்த தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் கொடுத்தால், திரும்ப வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது.

இன்று எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் கல்யாணம் முடித்த பிள்ளைகளைப் பதிந்து போலிக் அமில வில்லை தருவது அதனால்தான். "இன்னும் வயித்துல ஒண்டும் இல்லயே, ஏன் குளிசை" என்று தூக்கி வைக்காதீர்கள். பிள்ளை உண்டாகும் முன்பே போட வேண்டிய குளிசை அது. ஏற்கெனவே இப்படியொரு பிள்ளை உள்ளவர்களுக்கு அளவு கூட, வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதே நேரம், இந்தக் குளிசையைத் தாய்க்கு எதிரான புதுக் குற்றச்சாட்டாக ஆக்கிவிடாதீர்கள். 72 என்றால் 100 அல்ல. ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் பிறந்திருக்கிறது.

கடைசியாக, ஷன்ட் உள்ள பிள்ளையின் வாப்பா உம்மாவுக்கு. இந்த வரலாறு எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான். பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர் வேடிக்கை பார்ப்பவர் அல்ல. ஹோல்டர் பார்த்தது ஒரு தாதியின் ஊசியை. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் எங்கள் பிள்ளைகளின் கதை வேறு. எங்களால் வால்வு செய்ய முடியாது. பார்க்க முடியும்.

நாங்கள் செய்வது இதுதான். கைக்குழந்தையாக இருந்த காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வந்ததும் தையல் நாடாவால் தலைச் சுற்றளவை அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதினோம். கிளினிக்கில் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்க்காத வைத்தியர் இல்லை. காரணமில்லாத வாந்தி, வழமைக்கு மாறான தூக்கம், தொடர்ந்த சிணுங்கல், புடைத்த உச்சிக்குழி, கண் கீழ்நோக்கியே நிற்பது, வளர்ந்த பிள்ளைக்குத் தலையிடி, வலிப்பு, குழாய் வழியே சிவப்பு அல்லது வீக்கம், காய்ச்சல். இவற்றில் ஒன்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தண்ணீர் ஓதிக் கொடுப்பதென்றால் வாகனத்தில் போகும்போது ஓதுங்கள். எந்த வைத்தியசாலையில், எந்தத் திகதியில், எந்த வகை ஷன்ட் வைத்தார்கள் என்பதை எழுதிய தாளைப் பொலித்தீனில் போட்டு எப்போதும் பையில் வைத்திருங்கள். இரவில் புது வைத்தியர் ஒருவர் முதலில் கேட்பது அதைத்தான். "புள்ள வழமைய விட வித்தியாசமா இருக்கு" என்று தாய் சொன்னால், அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளும்படி தயங்காமல் சொல்லுங்கள்.

ஷன்ட் இல்லாத பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு பிள்ளையோடு பஸ்ஸில் ஏறும் உம்மாவைக் கண்டால் இடம் கொடுங்கள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். "ஏன் இப்படி" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு அஸ்ஸஹ்ராவிக்கே முழுப் பதில் தெரிந்திருக்கவில்லை.

அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளுக்கும் சுகத்தையும், அவர்களைப் பார்ப்பவர்களுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

தேவைப்படும் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தால் பகிருங்கள்.